தனிப்பயிற்சி (பள்ளிக் கல்வி)

தனிப்பயிற்சி என்பது பள்ளியில் பயிலும் மாணவருக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே, கட்டணம் பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் பள்ளிப் பாடங்களையே மீண்டும் கற்பிக்கும் முறையாகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது டியூசன் எனப்படுகிறது. இலங்கைத் தமிழர் ரியூசன் என எழுதுவதுண்டு. அங்கு இவ்வகுப்புகள் நடைபெறும் நிலையங்கள் ரியூட்டரி அல்லது தனியார் கல்வி நிலையம் என அழைக்கப்படுகின்றன. இசை, நடனம், விளையாட்டு போன்றவற்றுக்கான தனி வகுப்புகள் பொதுவாக இச்சொல்லால் குறிக்கப்படுவதில்லை.

பள்ளிப் பாடத்திட்டம் மாறும்போது தானும் மாறி, பள்ளியைப் பின்தொடர்ந்தே இயங்குவதால் கல்வியியலாளர் இதனை நிழற்கல்வி என்றும் குறிப்பிடுவர். மார்க் பிரே என்பவர் யுனெசுக்கோ நிறுவனத்துக்காக 1999 இல் எழுதிய நூலுக்குப் பின் இச்சொல் பரவலாக வழங்கலாயிற்று.

== வரலாறு ==

பிள்ளைக்கு ஏற்ற ஆசிரியரைத் தேடி அலைவது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத் தேர்வுகளைவிடப் பழைய வழக்கமாகும். உ. வே. சாமிநாதையரின் (1855-1942) இளமைக்காலம் இதற்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டு ஆகும். மகனுக்குத் தமிழ் கற்பிக்கக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார் எனக் கேட்டறிந்து, அவருடைய தந்தையார் குடும்பத்தையே ஊர் ஊராக இடம் மாற்றினார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனப் பல ஊர்களில் பலரிடம் பாடம் கேட்ட பின்னரே சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். தமக்குத் தெரிந்ததைக் கற்பித்து முடித்ததும், இதற்கு மேல் இன்னாரிடம் போக வேண்டும் என்று வழிகாட்டிய ஆசிரியர்களை அவரது தன்வரலாறான என் சரித்திரத்தில் காணலாம்.

இன்றைய பொருளில் தனிப்பயிற்சி தோன்றியது பொதுத் தேர்வுகளின் வருகையோடுதான். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறுவது அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் வாயிலாக இருந்தது. தேர்வு ஒன்றாகவும் தேர்வர் பலராகவும் ஆனபோது, அறிவைத் தருபவர் என்ற நிலையிலிருந்து தேர்வில் தேற உதவுபவர் என்ற நிலைக்கு ஆசிரியரின் பணி ஒரு பகுதி நகர்ந்தது.

இவ்விரு பணிகளும் ஒன்றல்ல என்பதற்குக் கணிதவியலாளர் சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை சான்றாகும். கல்லூரித் தேர்வில் தேறாமல், வேலையும் இல்லாதிருந்த காலத்தில் அவர் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முயன்றார். பாடத்திட்டத்தை விட்டு விலகித் தமக்குப் பிடித்த முடிவிலிகளைப் பற்றியே பேசியதால் அம்முயற்சி வெற்றிபெறவில்லை.

== தமிழ்நாட்டில் தேர்வுகளும் தனிப்பயிற்சியும் ==

தமிழ்நாட்டில் தனிப்பயிற்சிச் சந்தையின் வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தேர்வுமுறையே ஆகும். புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு 1978 இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கப்பட்டதும், 12 ஆம் வகுப்பு மதிப்பெண் தொழிற்கல்விச் சேர்க்கைக்கான அளவுகோலாயிற்று. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் 'கட்-ஆஃப்' எனப்படுகிறது. இதில் அரை மதிப்பெண் குறைந்தாலும் விரும்பிய கல்லூரி கைநழுவும் நிலை இருந்ததால், இம்மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே டியூசன் செல்வது நகரங்களில் வழக்கமாயிற்று. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் டியூசன் செல்வோர் அன்றும் இன்றும் குறைவு. அவை கட்-ஆஃபில் சேர்வதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

1980களின் நடுப்பகுதியிலிருந்து தொழிற்கல்விக்கெனத் தனி நுழைவுத் தேர்வும் நடத்தப்பட்டது. அதற்கான பயிற்சி நகர்ப்புற மாணவருக்கே எட்டுகிறது என்ற காரணத்தால் 2006 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அத்தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் 12 ஆம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. 2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானதும் பயிற்சிச் சந்தை மீண்டும் வடிவம் மாறியது. மாலைநேர டியூசன் ஆசிரியர் இருந்த இடத்தில் பெரிய பயிற்சி நிறுவனங்கள் வந்தன; பள்ளிப்படிப்பை முடித்து ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ மீண்டும் பயில்வோர் என்ற பிரிவும் பெருகியது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021 இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ. கே. இராசன் குழுவின் அறிக்கையில் இப்பயிற்சிகளின் செலவு முக்கியமான பொருளாக இருந்தது.

2011 இல் 10 ஆம் வகுப்பு வரை முழுமையாக நடைமுறைக்கு வந்த சமச்சீர் கல்வியும் டியூசன் ஆசிரியரைப் பாதித்தது. ஆனால் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அதற்கு முன் மாநில வாரியம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ இந்தியன் ஆகியவற்றுக்கு வெவ்வேறு பாடநூல்கள் இருந்தன. ஒரே தெருவில் உள்ள மூன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று விதமாகப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பாடநூல் ஒன்றானபின் அவர்களை ஒன்றாக அமர்த்த முடிந்தது. வீட்டுத் திண்ணையில் ஐந்து பேருக்கு நடந்தது, மாடியில் கூரை போட்டு முப்பது பேருக்கு நடக்கலாயிற்று.

பள்ளிக்கும் டியூசனுக்கும் உள்ள எல்லை எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் 11 ஆம் வகுப்புப் பாடங்களை நடத்தாமல் 12 ஆம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகள் திரும்பத் திரும்பப் படிக்கவைக்கும் வழக்கம் இருந்தது. இதைத் தடுக்கும் நோக்கில் 2017-18 கல்வியாண்டில் 11 ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் முறை 2017 இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் 'செண்டம்' எடுத்த மாணவர்களின் படங்களோடு கூடிய பதாகைகள் நின்றபாடில்லை.

== பரவல் ==

ஏசர் ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் 1 முதல் 8 ஆம் வகுப்பு வரை பயில்வோரில் கட்டணத் தனிப்பயிற்சி பெறுவோர் 2018 இல் 26.4 விழுக்காடாக இருந்து 2022 இல் 30.5 விழுக்காடாக உயர்ந்தனர். பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் இது 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் விழுக்காடு இவற்றைவிட மிகவும் குறைவாகும். 2025 இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், பள்ளி மாணவரில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் அக்கல்வியாண்டில் தனிப்பயிற்சி பெற்றதாகக் கண்டறியப்பட்டது.

== கற்பிப்போர் ==

டியூசன் ஆசிரியராவதற்குப் பதிவோ உரிமமோ தகுதித் தேர்வோ தேவையில்லை. எனவே இப்பணியில் இருப்போர் பலவகையினர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், பி.எஸ்சி., பி.எட். முடித்து வீட்டிலிருக்கும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருக்கும் பொறியியல் பட்டதாரிகள், பணியில் உள்ள ஆசிரியர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். பொறியியல் பட்டதாரிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்கது. பட்டம் பெற்ற பின் முதல் வேலை கிடைக்கும் வரை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவைச் சமாளித்தோர் அப்படிப்பைப் படித்தவர்களிடையே ஏராளம். வேலை கிடைத்ததும் இவர்கள் இடையிலேயே விட்டுச் செல்வதும் உண்டு என்பதால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இவர்களை அமர்த்தத் தயங்குவர்.

ஆசிரியர் மாணவரின் வீட்டுக்கு வருவது, மாணவர்கள் ஆசிரியரின் வீட்டுக்குச் செல்வது, டியூசன் சென்டர், இணையவழி வகுப்பு ஆகியன இன்றுள்ள வடிவங்கள். வீட்டுக்கு வந்து ஒருவருக்கு மட்டும் கற்பிப்பதற்கே கட்டணம் மிகுதி. தொடக்க வகுப்புகளுக்கு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து மாதக் கட்டணமும், மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடவாரியாகக் கட்டணமும் பெறப்படுகின்றன. தொடக்க வகுப்பு டியூசனில் பாடத்தைவிட வீட்டுப்பாடம் எழுதவைத்து முடிப்பதே பெரும்பகுதி. தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் அமைகிறது. பெற்றோர் எழுத்தறியாத வீடுகளில், ஆங்கில வழிப் பள்ளியின் வீட்டுப்பாடத்துக்கு வேறு துணையே இல்லை.

== ஆசிரியரைத் தேடுதல் ==

பதிவேடு எதுவும் இல்லாததால், டியூசன் ஆசிரியர் பெரும்பாலும் வாய்வழிப் பரிந்துரையாலேயே கண்டறியப்படுகிறார். பள்ளி வாயிலில் காத்திருக்கும் பெற்றோர், அக்கம்பக்கத்தார், அதே பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் ஆகியோரே முதன்மையான தகவல் மூலங்கள். சுவரொட்டி, நாளிதழோடு வரும் துண்டறிக்கை, ஆட்டோவின் பின்புற விளம்பரம் ஆகியவை சென்டர்களுக்கே உரியவை. தேடல் சூன் மாதத்திலும், காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த பின்னரும் உச்சமடைகிறது.

இவ்வழியில் கிடைக்கும் தகவல், அந்த ஆசிரியரிடம் நன்றாகப் படித்த மாணவரைப் பற்றியதாகவே இருக்கும். நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சென்டரில் மதிப்பெண் உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. 40 மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்த மாணவர் அங்கு சென்று என்ன ஆனார் என்பதே தேடுவோருக்குப் பயன்படும் செய்தி; அது பதாகையில் இடம்பெறாது.

எந்த ஆசிரியர் என்பதற்கு முன்னால் எது குறை என்று அறிவது அவசியம். மதிப்பெண் குறைந்தவுடன் 'கணக்கில் வீக்' என்று கூறி ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டியூசனில் சேர்ப்பது வழக்கம். ஆனால் குறை ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இல்லாமலும் இருக்கலாம். எடுத்துக்காட்டாக,

x/3 + x/4 = 7

என்ற சமன்பாட்டை ஒரு மாணவர் 2x/7 = 7 என மாற்றி எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார். இயற்கணிதத்தில் அவருக்குத் தடையில்லை; பின்னங்களைக் கூட்டுவது, அதாவது தொடக்க வகுப்புகளில் படித்திருக்க வேண்டியது, பிடிபடவில்லை. பொதுப் பகுதி 12 எனக் கண்டு 7x/12 = 7 என எழுதினால் x = 12 என்ற விடை எளிதில் கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்பின் பயிற்சிக் கணக்குகளை ஓராண்டு முழுதும் பலகையில் போட்டுக்காட்டினாலும் இந்தப் பிழை நீங்காது. ஒரு வாரம் பின்னக் கணக்குக்குத் திரும்பிச் சென்றால் நீங்கிவிடும். எனவே பழைய விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆசிரியருக்கும், எந்தப் பள்ளி, எத்தனை மதிப்பெண் என்று மட்டும் கேட்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

சில நேரங்களில் டியூசனே தேவைப்படாது. கரும்பலகை சரியாகத் தெரியாத பார்வைக் குறை, கேள்திறன் குறை, தூக்கமின்மை, வகுப்பில் நிகழும் கேலி, துன்புறுத்தல் ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். எழுத்துகளை மாற்றி எழுதுதல், வாசிப்பதில் நீங்காத தடுமாற்றம் ஆகியவை கற்றல் குறைபாட்டின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இதற்கு மருத்துவச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. டியூசனுக்கு மேல் டியூசன் வைத்துப் பார்த்த பிறகே பல குடும்பங்கள் இதனை அறிய நேரிடுகிறது.

சேர்த்த பின் இரண்டு, மூன்று வாரங்களில் மாணவரின் டியூசன் நோட்டைப் பார்ப்பது எளிய சோதனையாகும். எல்லாக் கணக்குகளும் பிழையின்றி, அழகாக, பலகையிலிருந்து படியெடுத்தவையாக இருந்தால் அங்கு வேலை செய்தவர் ஆசிரியர் மட்டுமே. மாணவர் தவறாகப் போட்டு, அடித்து, பக்கத்தில் திருத்திப் போட்ட கணக்குகள் இருந்தால் கற்றல் நடந்திருக்கிறது எனலாம். பார்க்க அழகில்லாத நோட்டைக் கண்டு சில பெற்றோர் ஆசிரியரை மாற்றிவிடுவதும் நடக்கிறது.

பிள்ளையின் நேரமும் கணக்கில் கொள்ள வேண்டியதாகும். நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு, பேருந்தில் வீடு வந்து, ஐந்தரை முதல் எட்டு மணி வரை டியூசனில் இருக்கும் மாணவர், தானாக ஒரு பாடத்தை எடுத்துப் படிப்பதற்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். தானே படிக்கும் பழக்கம் பள்ளிப் பருவத்தில் அமையாதவர், டியூசன் இல்லாத கல்லூரி முதலாண்டில் திணறுவதைப் பொறியியல் கல்லூரிகளில் காணலாம்.

கற்பிக்கும் இடம் பிறர் பார்வையில் படும்படி இருப்பதும், பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்துபோக இயல்வதும் குழந்தையின் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை. டியூசனுக்குப் போக மாட்டேன் என்று திடீரெனப் பிள்ளை மறுத்தால் அதனைச் சோம்பல் எனத் தள்ளிவிடாமல் காரணம் கேட்டறிய வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் வருகின்றன. குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 ஆகும்.

== பயன் குறித்த ஆய்வுகள் ==

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984 இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல ஆசிரியரிடம் தனியாகப் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோரில் 98 விழுக்காட்டினரைவிட மேலான நிலையை எட்டினார் என்று எழுதினார். பிற்கால ஆய்வுகள் பயன் உண்டு என்பதை ஏற்றாலும் அது இவ்வளவு பெரிதாக இல்லை எனக் காட்டின. மேலும் புளூம் கூறியது ஒருவருக்கோ மிகச் சிலருக்கோ கற்பிப்பதையும், அடிக்கடி சோதித்துத் திருத்துவதையும் பற்றியது. முப்பது பேர் அமரும் டியூசன் சென்டருக்கு அம்முடிவு பொருந்தாது. அது இன்னொரு வகுப்பறையே.

== சட்டநிலை ==

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 28 ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. இத்தடை பரவலாக அறியப்பட்டதே. ஆனால் அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என அப்பிரிவு வரையறுக்கிறது. அதாவது, மேலே கண்ட பின்னக் கணக்கைக் கண்டறிந்து திருத்துவது, குழந்தை 14 வயது வரை, சட்டப்படி பள்ளியின் பொறுப்பாகும். ஆசிரியரை அமர்த்துவதற்கு முன் வகுப்பாசிரியரைச் சந்தித்து இதனைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில், பிற அலுவல்களுக்கு நடுவே ஓர் ஆசிரியரால் இதனை எவ்வளவு செய்ய இயலும் என்பது நியாயமான எதிர்க்கேள்வியே.

தம் வகுப்பு மாணவரையே மாலையில் டியூசனில் சேர்க்கும் ஆசிரியரைப் பற்றியதே 28 ஆம் பிரிவின் பின்னுள்ள கவலை. செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு ஆகியவற்றின் மதிப்பெண்கள் அவர் கையில் இருக்கும்போது, சேராமல் இருப்பது மாணவருக்கு எளிதன்று.

பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்தியக் கல்வி அமைச்சகம் 2024 சனவரியில் வெளியிட்டது. 16 வயது நிரம்பாதோரைச் சேர்க்கக் கூடாது, பட்டம் பெறாதோர் கற்பிக்கக் கூடாது, இடையில் விலகினால் எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித்தர வேண்டும் ஆகியவை அதில் அடங்கும். எனினும் இது 50 பேருக்கு மேல் பயிலும் மையங்களுக்கே உரியது என்பதால் தெருமுனை டியூசன் இதன் வரம்புக்குள் வராது. அங்கு கட்டணம், விலகல், திருப்பித்தருதல் ஆகியவற்றை முதல் நாளிலேயே பேசி, கொடுக்கும் பணத்துக்குச் சீட்டு வாங்கிக்கொள்வதே வழி. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தேர்ச்சி பெற்ற மாணவரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி அவரது பெயரையும் படத்தையும் பயிற்சி மையங்கள் விளம்பரத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது.

== கட்டணமில்லா மாற்றுகள் ==

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்ததை அடுத்து, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு, அவர்கள் வசிக்கும் தெருவிலேயே மாலையில் தன்னார்வலர் கற்பிக்கும் திட்டம் இது. தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. இவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். டியூசனின் வடிவத்தை எடுத்துக்கொண்டு கட்டணத்தை மட்டும் நீக்கிய முயற்சி என இதனைக் கூறலாம்.

== இலங்கையில் ==

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசமாக இருந்தபோதிலும் தனியார் வகுப்புகள் வேரூன்றியுள்ளன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, க.பொ.த. சாதாரண தரம், க.பொ.த. உயர்தரம் ஆகிய மூன்றுமே இதற்குக் காரணம். பல்கலைக்கழக இடங்கள் மிகக் குறைவு என்பதோடு, 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும் தமிழ் மாணவரிடையே போட்டியைக் கடுமையாக்கியது. யாழ்ப்பாணத்தில் கிடுகுக் கொட்டகைகளில், நீண்ட வாங்குகளில் மாணவர் நெருங்கி அமர்ந்து பயின்ற ரியூட்டரிகள் போர்க்காலத்திலும் இயங்கின. இடம்பெயர்ந்த ஆசிரியர்களுக்கு அவை வாழ்வாதாரமாகவும் இருந்தன.

தமிழ்நாட்டில் டியூசன் ஆசிரியர் பெயரறியாதவராக இருக்க, இலங்கையில் புகழ்பெற்ற உயர்தர ஆசிரியரின் பெயரே வகுப்பின் அடையாளமாகும். ஒரு வகுப்பில் பல நூறு பேர் அமர்வதும் உண்டு. தேர்வுகளுக்குச் சில நாட்கள் முன்னர் தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நடத்தவும், எதிர்பார்க்கை வினாக்களை அச்சிட்டு வழங்கவும் பரீட்சைத் திணைக்களம் தடை விதிக்கிறது.

== பிற நாடுகளில் ==

தென்கொரியாவில் 1980 இல் தனிப்பயிற்சி தடை செய்யப்பட்டது. வசதியுள்ளோர் மறைவாகத் தொடர்ந்தனர். 2000 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் சியோல் நகரில் பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்கு மூடப்பட வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. சீனா 2021 சூலையில், கட்டாயக் கல்விக்குரிய வகுப்புகளின் பாடங்களைக் கற்பிக்கும் நிறுவனங்கள் இலாபம் ஈட்டக் கூடாது என அறிவித்ததால் அங்கிருந்த பெருநிறுவனங்கள் பல சரிந்தன. இங்கிலாந்து எதிர்த்திசையில் சென்று, பெருந்தொற்றில் பின்தங்கிய மாணவருக்குத் தனிப்பயிற்சி அளிக்கப் பள்ளிகளுக்கு அரசே 2020 முதல் 2024 வரை நிதி வழங்கியது.